நவத்துலோவாவில் ஒருவர் சாப்பிட்ட வரலாறு

கடல் கடந்து உலகத்தைச் சுற்றி வந்த மாலுமிகள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோரும் யாரோ ஒரு ராஜாவின் கஜானாவைக் காலி செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். சட்டைப்பையைத் திறக்காமலேயே உலகத்தைச் சுற்ற முடியும் என்று கண்டுபிடித்த மகான் ஒருவர்தான். அவர் பெயர் ஹென்ரிக். அந்த மாபெரும் கண்டுபிடிப்பின் முக்கியமான கட்டம் எங்கள் ஊரில்தான் நடந்தது. அப்போது ஊர் நிர்வாகியாக இருந்து அதற்கு வேண்டிய "ஒத்துழைப்பு" நல்கியவன் அடியேன், அபெனிசா. இதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஊர் நிர்வாகி என்பது சாதாரணப் பதவி அல்ல. அரசாங்கம் கொடுத்த ரப்பர் முத்திரை ஒன்று என்னிடம் இருக்கிறது. மை கிடையாது, புயலில் போய்விட்டது. இருந்தாலும் கூட்டங்களில் அதை எடுத்து முன்னால் வைத்தால் பேச்சுக்கு ஒரு கனம் வரும். எங்கள் நவத்துலோவா இருக்கும் தீவு, ஃபிஜியின் வரைபடத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் மாதிரி தெரியும். கப்பல் வந்தால் வரும். வராவிட்டால், "தொழில்நுட்பக் காரணங்கள்" என்று ரேடியோவில் சொல்வார்கள்.

அப்படி அபூர்வமாக வந்த ஒரு சரக்குக் கப்பலில், மாவு மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு ஹென்ரிக் வந்து சேர்ந்தார். வடக்கே எங்கோ பனி பெய்யும் நாட்டுக்காரர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, முதுகில் வீடு மாதிரி ஒரு பை. "காசில்லா உலகம்" என்ற பெயரில் அவர் எடுக்கும் வீடியோக்களை லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்களாம். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். எங்கள் வாயில் ஹென்ரிக் என்ற பெயர் நிற்காது. கரையிலிருந்து ஊருக்குள் வருவதற்குள் அவர் எனெரிகோ ஆகிவிட்டார்.

ஊருக்குள் யார் வந்தாலும் நாங்கள் பானமாகக் குடிக்கும் யங்கோனா வேரில் ஒரு கட்டைத் தலைவர் முன்னால் வைத்து வணங்க வேண்டும். தலைவர் அதைத் தொட்டு ஏற்று, நாங்கள் கையைக் குவித்துத் தட்டிவிட்டால் தீர்ந்தது. வந்தவர் அந்நியர் அல்ல, ஊர்ப்பிள்ளை. ஊர்ப்பிள்ளையிடம் வாடகை கேட்பது, சாப்பாட்டுக்குக் காசு கேட்பது, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது, இதெல்லாம் எங்கள் பக்கத்தில் கொலைக்கு ஒரு படி கீழே.

எனெரிகோ இதையெல்லாம் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தார். தலைநகர் சுவாவின் சந்தையில் பாதி நாள் அலைந்து, இருப்பதிலேயே சின்னக் கட்டு எது என்று ஆராய்ந்து வாங்கியிருந்தார். அதை இரண்டு கைகளாலும் ஏந்தித் தலைவர் ரதூ மேலி முன்னால் வைத்தார்.

ரதூ மேலி குனிந்து பார்த்தார். பிறகு என் காதில் கேட்டார்:

"அபெனிசா, இது வேரா, பல்லு குத்துற குச்சியா?"

"தலைவரே, மனசுதானே முக்கியம்."

"மனசை இடிச்சுக் கரைச்சுக் குடிக்க முடியுமாடா?"

"முடியாதுங்க. ஆனா வெச்சுட்டாரே."

வைத்துவிட்டார். தலைவர் தொட்டார். நாங்கள் தட்டினோம். எனெரிகோ கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "நண்பர்களே, இப்போது நான் இந்த ஊரின் பிள்ளை!" என்று கண் கலங்கினார். அந்தக் கலக்கம் நிஜம். அவரிடம் கள்ளம் கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். கள்ளம் இருந்திருந்தால் நாங்கள் சமாளித்திருப்போம்.

அவரைத் தங்கவைக்க ஈமோசியின் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஈமோசி எங்கள் ஊர்ப் படகோட்டி. எனக்கு மாமன் மகன், அதாவது மச்சான். என்னை எந்தச் சபையிலும் எந்த வார்த்தையாலும் கேலி செய்யப் பிறப்புரிமை பெற்றவன். அவன் மனைவி வசீதிக்கு அப்போது நிறைமாதம். குழந்தை பெரிது, பெரிய தீவு ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும் என்று நர்ஸ் மிலிகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் தீவில் பெட்ரோல் பங்க் கிடையாது. ஆகவே ஊர் ஆண்கள் எல்லோரும் தேங்காய் உடைத்துக் கொப்பரை விற்று, ஒரு டிரம் பெட்ரோல் வாங்கித் தேவாலயத்தின் பின்னறையில் பூட்டி வைத்திருந்தோம். யாரும் தொடக்கூடாது என்பதற்காக அதன் மேல் சுண்ணாம்பால் "வசீதி" என்று எழுதியிருந்தது. எழுதியது ஈமோசி. எழுத்து கோணல், எண்ணம் நேர்.

வசீதி தன் கட்டிலை எனெரிகோவுக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தாள். எனெரிகோ கட்டிலைப் படம் பிடித்தார்: "தங்குமிடம், இலவசம்!" பிறகு பாயில் படுத்திருந்த வசீதியையும் படம் பிடித்தார்: "இவர்களுக்குத் தரையில் படுப்பதுதான் பிடிக்கும்!"

இங்கே எங்கள் ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் சாப்பிடும்போது கதவைச் சாத்த மாட்டோம். வாசலில் யார் போனாலும், "வாங்க, சாப்பிடுங்க!" என்று கூப்பிட வேண்டும். போகிறவர் நிற்காமல், "விநாகா, சாப்பிட்டாச்சு" என்று நன்றி சொல்லிவிட்டு நடக்க வேண்டும். அவர் காலையிலிருந்து பட்டினியாக இருக்கலாம். கூப்பிட்டவர் சட்டியிலும் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்குதான் இருக்கும். ஆனால் இரண்டு பேருடைய மரியாதையும் நிறைந்துவிடும். எங்கள் முன்னோர் காலத்திலிருந்து நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லி வரும் பொய் இது. இந்தப் பொய்யின் மேல்தான் ஊரே நிற்கிறது.

முதல் நாள் மாலை எனெரிகோ காலாற நடக்கக் கிளம்பினார். முதல் வீட்டில், "வாங்க, சாப்பிடுங்க!" என்றார்கள். உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். வெளியே வந்தார். இரண்டாவது வீட்டில், "வாங்க, சாப்பிடுங்க!" உட்கார்ந்தார். கடலோரத்திலிருந்து மேட்டுத் தெரு வரை ஒரு வீட்டையும் அவர் அவமதிக்கவில்லை. கடைசி வீடு என்னுடையது. என் தட்டில் இருந்த மீன் தலையைப் பார்த்து, "இதுவும் பாரம்பரிய உணவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அது என் பாரம்பரியமாக இல்லை.

மறுநாளும் கிளம்பினார். அதற்கு மறுநாளும் கிளம்பினார். இந்த மாலை உலாவுக்கு அவர் வைத்த பெயர் "பண்பாட்டு நடை".

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து அவசரக் கூட்டம் கூட்டினேன். முத்திரையை எடுத்து முன்னால் வைத்தேன். பொருள்: "விருந்தினரின் பசி குறித்து."

"கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்டா என்ன?" என்றார் ஒருவர்.

"கதவைச் சாத்திக்கிட்டா? நாம என்ன சுவாவிலயா இருக்கோம்?" என்று சபை கொதித்தது.

"அவர் வர்றதுக்கு முன்னாலயே சாப்பிட்டுடலாம்."

"நேத்து மத்தியானமே சாப்பிட்டோம். அடுப்புப் புகையைப் பார்த்துட்டு வந்துட்டாரு."

ஈமோசி கையைத் தூக்கினான். "பேசாம அந்த 'சாப்பிட்டாச்சு'ங்கிற வார்த்தையை அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டா?"

ரதூ மேலிக்கு முகம் சிவந்தது. "விருந்தாளிக்குச் சோத்தை வேணாம்னு சொல்லக் கத்துக் குடுக்கிறதா? என் தலைவர் பட்டத்துல அப்படி ஒரு கறை வேணாம்டா."

நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாயால் சொல்லிக்கொடுக்கக் கூடாது, "நடத்திக் காட்டலாம்". இதற்கென ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் ஈமோசி.

அன்று மாலை ஈமோசி எனெரிகோவோடு கூடவே நடந்தான். நான் மேற்பார்வைக்காகப் பின்னால் போனேன். முதல் வாசலில், "வாங்க, சாப்பிடுங்க!"

ஈமோசி தேவாலயத்தில் பாடுகிற குரலில், "விநாகா! சாப்பிட்டாச்சு!" என்றான். சொல்லிவிட்டு எனெரிகோவைப் பார்த்தான்.

எனெரிகோ கவனமாகக் கேட்டுக்கொண்டார். உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லியும் பார்த்தார். எங்களுக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் ஈமோசியின் தோளைத் தொட்டார்.

"பாவம் ஈமோசி, உனக்குப் பசியே எடுக்கறதில்லையா? பரவாயில்ல, உன் பங்கையும் நானே சாப்பிட்டுடறேன். அவங்க மனசு நோகக் கூடாது."

ஒவ்வொரு வாசலிலும் ஈமோசி சொன்னான். ஒவ்வொரு வாசலிலும் எனெரிகோ இரண்டு பேருக்காகச் சாப்பிட்டார். மேட்டுத் தெருவுக்கு வரும்போது ஈமோசிக்கு நிஜமாகவே பசித்துத் தலை சுற்றியது.

ஆனால் தெய்வம் எங்களைக் கைவிடவில்லை என்று நம்ப ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஒருநாள் எனெரிகோ தலைவர் முன்னால் வந்து உட்கார்ந்து, "வெள்ளிக்கிழமைக் கப்பலில் கிளம்பலாம்னு இருக்கேன். விடை குடுங்க" என்றார்.

விடை கேட்டால், உடனே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கமல்ல. அழ வேண்டும். இருக்கச் சொல்லி மன்றாட வேண்டும். அவர் இல்லை, போயே ஆகவேண்டும் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விடை. இந்த மன்றாடல் உரையை நிகழ்த்துவது என் வேலை, சுற்று வட்டாரத் தீவுகளில் எனக்கு அதில் நல்ல பெயர் உண்டு. ஆகவே முழுமூச்சில் இறங்கினேன்.

"இவ்வளவு சீக்கிரமாவா? ஐயோ, நீங்க போயிட்டா இந்த ஊருல யாரு இருக்கா? நேத்து வந்தவரு மாதிரி இருக்கே! எங்க பிள்ளைங்க யாரைப் பார்த்துச் சிரிக்கும்? எங்க அடுப்பு யாருக்காக எரியும்?"

பெண்கள் விசும்பினார்கள். ரதூ மேலியே மூக்கை உறிஞ்சினார். என் தொடையில் யாரோ நண்டு பிடித்த மாதிரி கிள்ளினார்கள், அது ஈமோசி. ஆனால் ஒரு கலைஞன் பாதியில் நிறுத்த முடியாது.

எனெரிகோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இவ்வளவு சொல்லும்போது எப்படிப் போறது? சரி, இருக்கேன்."

அதுவரை விசும்பிய பெண்கள் அப்போதுதான் நிஜமாக அழத் தொடங்கினார்கள்.

வெளியே வந்ததும் ஈமோசி சொன்னான்: "மச்சான், உன் வாய்ல கடலட்டையைத் திணிக்க. கொஞ்சம் சுமாரா அழுதிருக்கக் கூடாதா?"

"மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்."

"மரபு இப்ப என் வீட்டுக் கட்டில்ல படுத்து வீடியோ பாத்துக்கிட்டிருக்கு. என் பொண்டாட்டி பாயில முதுகு வலியோட கெடக்குறா."

அந்த வாரமே எனெரிகோவுக்குப் பவளப்பாறைக்கு அப்பால் இருக்கும் மணல்திட்டின் மேல் ஆசை வந்தது. அங்கே சூரிய அஸ்தமனத்தில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். சொகுசு விடுதிப் படகுகளில் போனால் இதற்கே கொள்ளைக் காசு வாங்குவார்களாம். "அதைத்தான் என் நேயர்களுக்குத் தவிர்க்கக் கத்துக் குடுக்கிறேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெரெ கெரெ" என்றார்.

கெரெ கெரெ என்று முன்னால் போட்டு ஒருவர் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல எங்கள் நாக்கு புரளாது. சட்டையைக் கேட்டாலும் கழற்றித்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்த துரோகி யார் என்று பிற்பாடு விசாரணை நடத்தினேன். அவருடைய கைப்பேசிதான்.

பின்னறைச் சாவியோடு நான் நின்றேன். ஈமோசி டிரம்முக்குக் குறுக்கே நின்றான்.

"மச்சான், இது வசீதி பெட்ரோல்."

"அடுத்த கப்பல் வந்துடும். அதுல ரொப்பிடலாம்."

"வரலேன்னா?"

"வரும்டா. அட்டவணை போட்டிருக்காங்க."

வசீதி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மச்சான் மனைவி என்பதால் எனக்குத் தங்கை முறை. ஊரிலேயே சுருக்கமாகப் பேசுகிறவள்.

"அண்ணே, குடுக்காம இருக்க முடியுமா?"

"முடியாதே தங்கச்சி. கேட்டுட்டாரே."

"அப்ப குடுங்க. ஆனா ஒண்ணு. எனக்கு வலி எடுத்தா அட்டவணையைப் பார்த்து எடுக்காது."

மணல்திட்டுக்குப் போனார்கள். மேகம் வந்து அஸ்தமனத்தைக் கெடுத்துவிட்டது. மறுபடி போனார்கள். ஆமை வரும் என்று காத்திருந்தார்கள், அது வரவில்லை. இன்னொரு முறை போனார்கள். எனெரிகோ ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது ஈமோசியைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். "போக்குவரத்து, இலவசம்! இவர்களுக்குக் கடல் என்றால் உயிர். யாராவது படகில் ஏறமாட்டார்களா என்று ஏங்குகிறார்கள்!" என்று வீடியோவில் பேசினார். கப்பல் வரவில்லை. தொழில்நுட்பக் காரணங்கள்.

வசீதிக்கு வலி வந்தது, மிலிகா சொன்ன தேதிக்குச் சில நாள் முன்னதாகவே, காலையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது. டிரம்மைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடித்தோம். படகில் பாய் விரித்து வசீதியைப் படுக்கவைத்தோம். மிலிகா ஏறினார், ஈமோசி எஞ்சினைப் பிடித்தான், நான் அரசாங்கப் பிரதிநிதி என்ற முறையில் ஏறினேன். தள்ளிவிடப் போகும் நேரத்தில், முதுகுப் பையோடு எனெரிகோ ஓடி வந்தார்.

"பெரிய தீவுக்குத்தானே போறீங்க? நானும் வந்துடறேன். எப்படியும் கிளம்பணும். டிக்கெட் மிச்சம்!"

"இது ஆம்புலன்ஸுய்யா!" என்றார் மிலிகா.

"தெரியும். இடம் இருக்கே?"

இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்தார். மன்றாடல் உரை இல்லாமல் ஒருவர் எங்கள் ஊரைவிட்டுப் போவது அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது. நாலாபுறமும் தண்ணீர். பெரிய தீவு தூரத்தில் நீலமாக, கைக்கு எட்டாமல் தெரிந்தது.

எனக்கு அப்போது நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை. பயமாக இருந்தது. வசீதி படகின் விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஈமோசி எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் அழுவதை நான் முதல்முறை பார்த்தேன். சாவியைக் கொடுத்த கை என் மடியில் கிடந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எங்கே என் பெட்ரோல்?" என்று வசீதி கத்தினாள். "என் பேரு எழுதி வெச்சிருந்த பெட்ரோல் எங்கே?"

"என்ன பெட்ரோல்?" என்று எனெரிகோ என்னிடம் கேட்டார். முகத்தில் அவ்வளவு அக்கறை.

படகில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதும் அவர் எங்கள் விருந்தாளி. விருந்தாளி முகம் சுருங்கக் கூடாது.

"அது... வெயில்ல ஆவியாயிடுச்சு" என்றேன்.

"அடடா" என்றார் எனெரிகோ. "மூடியைச் சரியா மூடணும்."

மிலிகா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். "ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க! நீங்களும்தான், ஊர்ப்பிள்ளை! உங்க பையில துணி ஏதாவது இருக்கா?"

நியாயமாகச் சொல்ல வேண்டும், எனெரிகோ தயங்கவில்லை. பையைக் கவிழ்த்தார். சீக்கிரம் உலரும் துண்டு ஒன்று வந்தது, மிலிகா பிடுங்கிக்கொண்டார். கூடாரம் ஒன்று வந்தது. ஈமோசி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பிரித்துத் துடுப்புக் கோல்களில் கட்டிப் பாயாக ஏற்றினோம். காற்று பிடித்தது. படகு நகர்ந்தது. அந்த வேர்க்கட்டுக்குப் பிறகு அவரிடமிருந்து எங்களுக்கு வந்தது அந்தத் துண்டும் கூடாரமும்தான். அதுவும் அவர் கொடுக்கவில்லை, நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கரை சேர்வதற்கு முன்பே பிள்ளை பிறந்தான். மிலிகா தலைகீழாகப் பிடித்து ஒரு அடி போட்டார். சத்தம் போடவில்லை. இன்னொரு அடி. அதற்குப் பிறகு அவன் போட்ட கூச்சலில் கடற்பறவைகள் எழுந்து பறந்தன. ஈமோசி என்னைக் கட்டிக்கொண்டான். எனெரிகோ எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வசீதிக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அண்ணே, விருந்தாளிகிட்ட எதையும் கேக்கக் கூடாது. அப்படித்தானே?"

"கூடாது தங்கச்சி."

"பெயர்க்காரன்கிட்ட?"

பிள்ளைக்கு ஒருவர் பெயரை வைத்துவிட்டால் அவர் அந்தப் பிள்ளைக்குப் பெயர்க்காரர். முதல் பிறந்தநாள் விருந்துக்குச் சீரோடு வர வேண்டும். பாய், துணி, பன்றி, என்ன கேட்டாலும் தர வேண்டும். உயிர் உள்ளவரை விடாத உறவு.

"கேக்கலாம். கேக்கணும்" என்றேன்.

"அப்ப பிள்ளைக்குப் பேரு எனெரிகோ" என்றாள் வசீதி.

எங்கள் சபைகளில் எத்தனையோ மூளைகளைப் பார்த்திருக்கிறேன். முத்திரை அவளிடம் இருந்திருக்க வேண்டும்.

எனெரிகோவிடம் சொன்னபோது அவர் தேம்பித் தேம்பி அழுதார். பெயர்க்காரர் என்றால் என்ன பொறுப்பு என்று நான் முறையாக விளக்கினேன். "நிச்சயமா, நிச்சயமா" என்று தலையாட்டினார். பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த கப்பலில் அடுத்த நாட்டுக்குப் போனார். கொஞ்ச நாள் கழித்து அந்த வீடியோவை மிலிகா காட்டினார். தலைப்பு: "ஒரு டாலர் செலவில்லாமல் சொர்க்கத்தில்!" கடைசியில் பிள்ளையின் முகம். "என் பெயரில் ஒரு குழந்தை! இதுவும் இலவசம்!" அதன் கீழே பல்லாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அந்த வீடியோவின் பயனாக இப்போது எங்கள் ஊருக்குப் பல் குத்தும் குச்சி அளவு வேர்க்கட்டுகளோடு நிறையப் பேர் வருகிறார்கள். தலைவர் தொடுகிறார். நாங்கள் தட்டுகிறோம்.

பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மேட்டில் இருக்கும் சீமைப்பலா மரத்தடியில்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். ஊரே மேடேறியது. ரதூ மேலி மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தார். நான் முத்திரையை எடுத்து வந்திருந்தேன். வசீதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனெரிகோவின் கைப்பேசி எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"வசீதி!" என்று எனெரிகோவின் குரல் கூத்தாடியது. "என் குட்டி எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். உங்களை மாதிரியே எல்லா வீட்லயும் சாப்பிடுறான்."

சிரிப்பு. எங்கள் பக்கமும் சிரிப்பு.

"அவனுக்கு வர்ற சனிக்கிழமை முதல் பிறந்தநாள். விருந்து. பெயர்க்காரர் வரணும். வர முடியலேன்னா சீரை அனுப்பினாலும் போதும்."

"சீரா? என்ன அனுப்பணும்?"

"பாய் வேணாம், பன்னி வேணாம். ஒரு டிரம் பெட்ரோல். எனக்கில்ல. இங்க இன்னொருத்தி மாசமா இருக்கா, லிதியான்னு. அவளும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு மிலிகா சொல்லிட்டாங்க. பின்னறையில வெச்சு அவ பேரை எழுதி வெப்போம்."

கூட்டத்தின் ஓரத்தில் லிதியா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மரத்தில் காற்று அடித்தது. சிக்னல் போய்விட்டதோ என்று ஈமோசி கைப்பேசியை எட்டிப் பார்த்தான். போகவில்லை.

வசீதி, வாசலில் போகிறவரைக் கூப்பிடுகிற அதே குரலில், "வாங்க, சாப்பிடுங்க!" என்றாள்.

அப்போது எனெரிகோ பேசினார். எங்கள் மொழியில், ஒரு எழுத்துப் பிசகாமல், துணைக்குழு ஒவ்வொரு வாசலிலும் நடத்திக் காட்டிய அதே ராகத்தில் சொன்னார்:

"விநாகா. சாப்பிட்டாச்சு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. தலைவர் பட்டத்தில் கறை படியாமல், வாயால் யாரும் சொல்லிக்கொடுக்காமல், எங்கள் பண்பாட்டை அவர் முழுமையாகக் கற்றுத் தேர்ந்திருந்தார். நிர்வாகி என்ற முறையில் இதற்கு நான் சாட்சி. மை கிடைத்ததும் முத்திரையும் குத்தித் தருவேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தைத் தலைமுறை தலைமுறையாக நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஒருவர் விடாமல், பொய்யாக. நவத்துலோவாவில் அதை உண்மையாகச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.